இரண்டாகப் பிரிந்த சாத்தான் ஆட்டம்

மாதா திருவிழா அன்று நண்பகலில் எங்கள் சுரங்க ஊரின் சாத்தான் ஆட்டக் குழு கடைத்தெருவில் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்தது. பொழுது சாய்வதற்குள் இரண்டு முழுக் குழுக்களாகிவிட்டது. அந்த வாரம் உருளைக்கிழங்கு கொஞ்சம் மலிவு. எல்லாவற்றுக்கும் காரணம் பிரிமித்திவோ. சோளக் கள் ஊற்றிக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தலையாட்டி, ஒரே நாளில் ஆட்டம் வருமென்று இரண்டு ஊர்களுக்கு மாதாவின் பெயரால் வாக்குக் கொடுத்துவிட்டான். ஒன்று அவன் சொந்த ஊர் வில்லாக்கோத்தா, மற்றது மனைவி சத்தூர்னினா பிறந்த கோல்க்கேரி. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மாற்றினால் அந்த ஊருக்குள் காலெடுத்து வைக்க முடியாது. பள்ளியில் உயிரியல் நடத்தும் சத்தூர்னினாதான் குழுத் தலைவி. பிறந்த வீடா, புகுந்த வீடா என்று முடிவெடுக்க வேண்டியவள் நேரே புருஷனிடம் போனாள்.

"வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா, மனுஷா?"

"ரெண்டு பேருமே அன்பா ஊத்தினாங்கடி."

குழுவுக்கு உடை தைக்கும் தையற்காரர் செனோபியோ தலையில் கை வைத்தார். "ஒரு குழுவை ரெண்டு ஊருக்கு எப்படிம்மா அனுப்புவே?"

"உங்க உடம்புல ஒவ்வொரு செல்லும் ரெண்டாகறதுக்கு முன்னாடி தன்னோட டிஎன்ஏவைப் பிரிச்சு நகல் எடுக்குது மாமா. கண்ணுக்கே தெரியாத அதுக்கு முடியுது, இத்தனை தடியங்க நாம, நமக்கு முடியாதா?"

ஆட்டத்தில் வேஷக்காரர்கள் இரண்டு வரிசை. சாத்தானுக்கு ஜோடி அவன் மனைவி, கரடிக்கு ஜோடி கழுகு. வேறு யாரும் எதிரே நிற்கக் கூடாது. வலது வரிசை முன்னோக்கி ஆடும். இடது வரிசை, பின்னால் பல்லக்கில் வரும் மாதாவுக்கு முதுகு காட்டாமல், அவளைப் பார்த்தபடி ஆடும். சத்தூர்னினா விசிலை ஊதிக்கொண்டு நடுவில் புகுந்து நடந்தாள். ஜோடிகள் கோத்திருந்த கைகள் அவள் முன்னால் படபடவென்று பிரிந்தன. உடனே மலையிலிருந்து ஜோடியில்லாத சாத்தான்களும் சாத்தான் மனைவிகளும் கரடிகளும் கழுகுகளும் மண் வாசனையோடு இறங்கி வந்து, யாரும் சொல்லாமலே தங்களுக்குரிய ஆளின் எதிரே நின்றார்கள். வலது வரிசை ஒரே மூச்சில் நிரம்பியது. அவள் நடந்த திசைக்கு முதுகு காட்டி நின்ற இடது வரிசையோ துண்டு துண்டாகத்தான் நிரம்பியது. துண்டுகளுக்கு இடையே விழுந்த சந்துகளில் செனோபியோ ஓடி ஓடிக் கைகளைக் கோத்துவிட்டார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரடிக்கு எதிரே சாத்தான் மனைவி நின்றாள். "விடுங்க டீச்சர், யாரு பாக்கப் போறா?" என்றான் கரடி; அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. "இன்னைக்கு விட்டா அடுத்த வருஷம் இந்தத் தப்புலேருந்துதான்டா நகல் எடுக்கணும்!" என்று சத்தூர்னினா திரும்பி நடந்து, அவளைக் கையைப் பிடித்து வெளியே எடுத்து, ஒரு கழுகை நிறுத்தினாள். பிறகு ஒரு குழு வடக்கே போனது, ஒன்று தெற்கே. இரண்டு ஊர்களிலும் மணி அடித்தது, ஜனங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், பிரிமித்திவோ நடுவழியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதான்.

அசல் குழு தங்கள் ஊரில்தான் ஆடியது என்று சத்தூர்னினாவின் அம்மாவும் மாமியாரும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். "ரெண்டுலயும் பாதி பழசு, பாதி புதுசு. ரெண்டும் அசல்தான், போய்ச் சாப்பிடுங்க" என்பாள் சத்தூர்னினா. மலையிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. வெளியே எடுத்த பெண்ணை அந்தக் கரடி தை மாதத்தில் கல்யாணம் செய்துகொண்டான். ஆட்டத்தில்தான் இந்த ஜோடி கூடாது, வீட்டில் தாராளமாக இருக்கலாம் என்று டீச்சரே முன்னால் நின்று நடத்திவைத்தாள்.