இரண்டாவது கியர்

கியர் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு ஜெபராஜ் எதுவும் பேசவில்லை. ஷானவாஸுக்கு அதிலேயே பாதி விளங்கிவிட்டது. தேனியில் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற ஜெபராஜ், ஒரு நட்டு கழல மறுத்தால்கூட அதைச் செய்தவனின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டுகிற மனிதர். இன்றைக்கு அவர் வேட்டித் துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த பல்சக்கரங்களைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே?"

"இருங்க பாய். வெளிச்சத்துல வச்சுப் பாப்போம்."

மேசைக்கு அந்தப் பக்கம், சுவரோரமாக, தார்ப்பாய் போர்த்திய மஞ்சள் கார் இருந்தது. இரண்டே பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சக்கரம் மட்டும் வெளியே தெரிந்தது. ஷானவாஸ் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றான்.

அது அவன் மனைவி ருக்சானாவின் கார். அவள் பல் டாக்டர். கம்பத்தில் வீடு, குமுளியில் கிளினிக். காலையில் மலையேறி, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தச் சம்பாத்தியத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வீட்டில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. பத்து வயதிலிருந்தே அவளுக்குக் கார்ப் பைத்தியம். வாங்கலாமா என்ற பேச்சே எழவில்லை. ஆட்டோமேட்டிக்கா, கையால் கியர் போடுகிறதா என்பதில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மாதம் மோதிக்கொண்டார்கள்.

"மச்சான், ரேஸ் ஓட்டுறவனே இப்ப கிளட்ச் மிதிக்கிறதில்ல. ஸ்டியரிங்குக்குப் பின்னால விரலால தட்டுறான். அவன் நம்புற பெட்டிய நீங்க நம்ப மாட்டீகளா?"

"அவன் வண்டி நின்னா இருபது பேரு ஸ்பேனரோட ஓடி வருவான். நீ மலையில இரைச்சல் பாலத்துல நின்னா யாரு வருவா?"

"நீங்க வருவீக."

"வந்து? உள்ள கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தா நான் என்ன, யாசின் ஓதவா? கைக்கியர்னா ஜெபராஜண்ணே கண்ண மூடிக்கிட்டுக் கழட்டி மாட்டுவாரு."

"அப்ப பல்லு வலிக்கும் ஜெபராஜண்ணன்கிட்டயே போங்க. கழட்டி மாட்டட்டும்."

ஷானவாஸ் மூன்று ஜீப் வைத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுகிறவன். மலையில் வண்டி நின்றுபோனால் என்ன பாடு என்பது அவனுக்குத் தெரியும் என்று ருக்சானாவும் நினைத்தாள். கொச்சியில் ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் விற்பனைக்கு நின்றன. சிவப்பு ஆட்டோமேட்டிக்; மஞ்சள், கைக்கியர். அவள் சிவப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். விற்கிறவர் நியாயமான மனிதர். "சேட்டா, ஒரு காரியம் பறயாம். இந்த ஆட்டோமேட்டிக்க இறக்கத்தில் நியூட்ரல்ல விடவே கூடாது, கேட்டோ" என்றார்.

ஷானவாஸ் சிரித்துவிட்டான். "நியூட்ரல்ல உருட்ட முடியாத வண்டிய வச்சு எங்க ஊர்ல என்ன செய்ய?"

மஞ்சள் வண்டி வந்தது.

குமுளி மலையில் இறங்குகிற ஜீப்காரர்கள் செக்போஸ்ட் தாண்டியதும் நியூட்ரலில் தட்டிவிடுவார்கள். வண்டி தன் பாட்டுக்கு உருளும், டீசல் மிச்சம். அப்பன் காலத்துப் பழக்கம். அதை ஷானவாஸ் அவளுக்கு ஒரு விளையாட்டாகக் காட்டினான். மலையடிவாரத்தில் லோயர் கேம்ப் வந்ததும் காரின் சின்னத் திரையில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் ஓட்டினால் முப்பத்தெட்டு. அடுத்த நாள் அவள் முப்பத்தொன்பது. அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டே, "நாப்பது மச்சான், நாப்பது" என்று கரண்டியை ஆட்டினாள். ஜீப் மலையில் மெதுவாக இறங்குகிற எருமை என்பதும், இந்தக் கார் அப்படி இல்லை என்பதும் அவன் மனதில் ஒருநாளும் படவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மதியம், இரைச்சல் பாலத்துக்கு மேல் உள்ள வளைவில் கார் மலைச்சுவரில் மோதியது. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே ருக்சானா போய்விட்டாள். கியர் நியூட்ரலில் இருந்தது என்று போலீஸ்காரர் எழுதியிருந்தார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார் அவளைப் பெற்ற அத்தா அலி அக்பர். "கியர் தானா கழண்டிருக்கு மாப்ள. பழைய பெட்டி. வேற என்ன? மிஷின் பண்ணின வேல." ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். ஷானவாஸ் மறுக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, அப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கும் ஓர் ஆசை ஊறியது. ஐந்து வேளைத் தொழுகையிலும் அவன் கேட்டது அது ஒன்றைத்தான்: அந்தப் பெட்டி கெட்டுப்போயிருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கைக்கியரைப் புகழ்ந்தவன், அது தன்னைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று கையேந்தினான்.

ஜெபராஜ் கடைசியில் துணியை வைத்தார்.

"பாய், ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பெட்டி நல்லா இருக்கு. எண்ணெய் பாருங்க, தேன் மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும்."

"தானா கழண்டிருக்காதா?"

"கழலாது. கழண்டா ஸ்பிரிங் தேஞ்சிருக்கணும். புதுசாட்டம் இருக்கு."

ஷானவாஸ் மேசையில் வரிசையாகக் கிடந்த சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டான். எல்லாம் மழமழவென்று இருந்தன. இரண்டாவது கியரைத் தொட்டபோது விரலில் ஏதோ நெருடியது. ஜெபராஜ் சட்டென்று, "அத விடுங்க" என்றார்.

ஷானவாஸ் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பல் நுனிகளில் புத்தம் புதிதாக, சின்னச் சின்னதாக, வெள்ளை வெள்ளையாகச் சிராய்ப்புகள்.

"இது எப்படி வந்துச்சுண்ணே?"

ஜெபராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிரேக் போனதும் ரெண்டாவது கியருக்குத் தள்ளிப் பாத்திருக்காக. அந்த வேகத்துல விழாது பாய். மேல இருந்தே கியர்ல இறங்கியிருந்தா இஞ்சினே வண்டிய இழுத்துப் புடிச்சிருக்கும். ஒரு தடவை இல்ல, பல தடவை தள்ளியிருக்காக."

வெளியே ஒரு வாழைக்காய் லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. கிளீனர், "வா, வா, வா" என்று பக்கத்துத் தட்டியை அடித்தான். அது நின்று ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"இன்னொன்னும் சொல்லிடுறேன். நாளைக்கு வேற எவனாவது சொல்லி நீங்க கேக்க வேணாம்" என்றார் ஜெபராஜ். "உங்க ஜீப் வேற. இந்த வண்டி கியர்ல இறங்குறப்போ பெட்ரோல தானா நிறுத்திக்கிரும். நியூட்ரல்ல போட்டாத்தான் குடிக்கும்."

ஷானவாஸ் சக்கரத்தை மேசையில் வைத்தான். அது உருளப் பார்த்தது. பிடித்து மறுபடி வைத்தான்.

"அலி அக்பர் பாய்க்கு நான் வேணா போன் போடுறேன்" என்றார் ஜெபராஜ் தணிந்த குரலில். "ஸ்பிரிங் போச்சு, கியர் கழண்டுச்சுன்னு. நான் சொன்னா நம்புவாக."

"வேணாம்ண்ணே" என்று ஷானவாஸ் சொல்ல நினைத்தான். மறுப்பாகத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

குமுளியில் கிளினிக்கைக் காலி செய்கிற நாள் அது. அவன் போய்ச் சேரும்போது மணி நான்கு. அலி அக்பர் பெயர்ப்பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மகளின் கருவிகளை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்திருந்தார். அறுபத்தாறு வயது, ஏலக்காய் வியாபாரி. பட்டறையில் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி கண்ணில் இருந்தது. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

செக்போஸ்ட் தாண்டியதும் ஷானவாஸ் இரண்டாவது கியரைப் போட்டான். ஜீப் முக்கி, உறுமி, நடைவேகத்தில் இறங்கியது. இரண்டு வளைவுக்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹாரன் சத்தம். பின்னால் வந்த ஜீப்பை ஓட்டிய பால்பாண்டி தலையை நீட்டினான்.

"ஏலே ஷானவாஸு, மாப்பிள்ள ஊர்வலமா விடுற? நியூட்ரல்ல தட்டிவிடுய்யா, ராத்திரிக்குள்ள வீடு போய்ச் சேரலாம்."

அடுத்த வளைவில் அகலமான இடம் கிடைத்தது. பால்பாண்டி முந்தினான். பக்கத்தில் வந்தபோது உள்ளே இருப்பது யார், மடியில் இருப்பது என்ன என்று பார்த்தான். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

"ஏன் மாப்ள இப்படிக் கத்த விடுறீக?" என்றார் அலி அக்பர்.

"மாமா, கியர் பெட்டியில பழுது ஒண்ணும் இல்ல."

அவர் திரும்பவில்லை.

"நல்லா இருக்கு. தானா கழலல. அவளேதான் நியூட்ரல் போட்டிருக்கா. நான் காட்டிக் குடுத்தது மாமா. எங்களுக்குள்ள பந்தயம், யாருக்கு அதிகமா போகும்னு. அவ சிவப்பு வண்டி கேட்டா. நான்தான்..."

இரண்டு வளைவுகள் கழிந்தன. அலி அக்பர் அட்டைப்பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டே இருந்தார். அழுத்தமாகத்தான் ஒட்டியிருந்தது அது.

"பந்தயம் எனக்கும் தெரியும்" என்றார்.

ஷானவாஸ் அவரைப் பார்த்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. தினம் லோயர் கேம்ப்ல நிறுத்திட்டு எனக்குத்தான் மொதல்ல போன் போடுவா. அத்தா, இன்னிக்கு இத்தனம்பா. உங்கள ஜெயிச்சுட்டான்னா எனக்கும் ஒரு சந்தோசம். போன் வரலைன்னா நானே போட்டுக் கேப்பேன்." அட்டைப்பெட்டியை மடியில் நேராக்கிக்கொண்டார். "அன்னிக்கு ரெண்டரைக்கும் போனக் கையில வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நாப்பத்தொண்ணு வரும்னு."

சுவரில் மஞ்சள் தீற்றல் இருந்த வளைவு வந்தது. ஷானவாஸ் பிரேக்கைத் தொடவில்லை. ஜீப் அதே உறுமலோடு, அதே வேகத்தில், அந்த இடத்தைக் கடந்தது. அது கண்ணைவிட்டு மறைய வெகுநேரம் ஆயிற்று.

"ஜெபராஜு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா மாப்ள?" என்றார் அலி அக்பர்.

"சொல்றேன்னாக மாமா."

"ம்."

லோயர் கேம்ப்பில் சாலை சமமானது. தேங்கி வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. அவள் வழக்கமாக நிறுத்துகிற புளியமரத்தடியில் ஒருவர் கொய்யா விற்றுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தவா மாமா?"

"வேணாம். போங்க."

கூடலூர் தாண்டிய பிறகுதான், வண்டி இன்னும் இரண்டாவது கியரிலேயே போய்க்கொண்டிருப்பது ஷானவாஸுக்கு உறைத்தது.