விரிவாச் சொல்லுங்கோ

என் புருஷன் கிஷாந்த் களவெடுத்தது ஒரே ஒரு காஸ் சிலிண்டர். தட்டுப்பாடு வந்த வருஷத்தில், லிந்துலை டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் கிடந்ததைக் குடிவெறியில் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தபோது பிடிபட்ட மகாராசன் அவர். அதற்குப் போய் ஒரு வருஷம் போல உள்ளே இருந்தார். இன்னொரு கேஸ் விழுந்தால் வருஷக்கணக்கில் உள்ளேதான் என்று நீதவான் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அவர் வெளியே வந்த கையோடுதான் எங்கள் தோட்டத்தில் அந்தக் கமிட்டியும் வந்தது. பொலிஸ், தோட்ட ஆபீஸ், கோயில், கிராம சேவகர் என்று எல்லாரும் கூடி, உள்ளே போய் வந்தவர்கள் திரும்பவும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வார்களாம். நல்ல விஷயம்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டோம். பார்ப்போம், முதலில் கூட்டம் வைப்போம் என்றார்கள். நம்ம ஆட்களுக்கு மைக் கிடைத்துவிட்டால் பசிகூடத் தெரியாது.

கமிட்டியை நடத்த வந்தவர் நிரூபா மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. லயத்து வீடுகளுக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார். எங்கள் வீட்டு நாயைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

முதல் கூட்டத்தில் இவரை மேடையேற்றினார்கள். "குடிச்சிட்டு சிலிண்டரத் தூக்குனேன். புடிச்சிட்டாங்க. இனிமே அந்த வேல பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பின்னால் இருந்து ஒருத்தன், "ஒத்த சிலிண்டருக்கா இம்புட்டுப் பெரிய பந்தலு?" என்று கத்த, கூட்டமே சிரித்தது.

அன்று சாயங்காலம் மிஸ் வீட்டுக்கு வந்தார். "கிஷாந்த், குறை நினையாதேங்கோ. ஒரு சிலிண்டர் எண்டால் சனம் உருகாது. கமிட்டிக்குக் காசு தாற ஆக்களும் கொழும்பிலயிருந்து வரப்போயினம். கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ."

விரித்தார் மனுஷன். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடந்த கூட்டத்தில் சிலிண்டர் மூன்றானது. அடுத்த தோட்டத்தில் கோழி சேர்ந்தது, கரண்ட் வயர் சேர்ந்தது, அதற்கடுத்து மோட்டார் சைக்கிள். இவருக்குச் சாதாரண சைக்கிளே ஓட்டத் தெரியாது!

"இன்னும் ரெண்டு கூட்டம் போனா பேங்கையே ஒடைச்சிருவீங்க போல" என்று நக்கலடித்தேன்.

"சும்மா இரு புள்ள. உள்ளுக்க இருந்து வந்தவனுக்கு யாராச்சும் கை தட்டி நீ பாத்திருக்கியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இவரைக் கண்டால் சனம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். கை தட்டுவதை அதுவரை பார்த்ததில்லை.

பிறகு ஒரு கூட்டத்தில், "சாமி சொத்துலயும் கை வச்ச பாவி நான்" என்று எடுத்துவிட்டார். பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எந்தச் சாமி, எந்தக் கோயில் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கூட்டத்திலும் அதுதான் முடிவு.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கழுத்தில் இருந்த பொட்டுத்தாலி, அந்தச் சிலிண்டர் களவு போன வருஷம்தான் காணாமல் போனது. எடுத்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அதனால், அடுத்த கூட்டம் எங்கள் கோயில் மண்டபத்தில் என்று கேள்விப்பட்டதும் இவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னாங்க, அந்தச் சாமி பேச்ச மட்டும் இங்க எடுக்காதீங்க. ஒங்க காலப் புடிச்சிக் கேக்குறேன்."

"எனக்குத் தெரியாதா? நான் என்னா பைத்தியமா?"

கொழும்புக்காரர்கள் வந்தார்கள். பொலிஸ் பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கோயில் தலைவர் முத்துலிங்கம். இவர் சிலிண்டரில் தொடங்கினார். சொந்தச் சனம் அல்லவா, கதை தெரியும், கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கோழிக்குச் சிரித்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனுஷன் வியர்த்துப்போய் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ், சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கையை ஆட்டினார். நான் கூட்டத்துக்குள் இருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், பாவி மனுஷன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாமி சொத்துலயும் கை வச்ச பாவி நான்" என்றார்.

முத்துலிங்கம் எழுந்தார்.

"எந்தச் சாமிடா?"

நான் ஓடினேன். "பொய்யிங்க! அம்புட்டும் பொய்யி! கூட்டத்துக்காகச் சொல்றாருங்க!"

பொலிஸ் பெரியவருக்குத் தமிழ் நன்றாக வரும். "அப்ப சிலிண்டரும் பொய்யா?" என்று கேட்டார். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

மிஸ்ஸின் கையைப் பிடித்தேன். "சொல்லுங்க மிஸ். நீங்கதானே அப்புடிச் சொல்லச் சொன்னீங்க?"

மிஸ் கொழும்புக்காரர்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் விரிவாச் சொல்லுங்கோ எண்டுதான் சொன்னனான், தங்கச்சி. இல்லாததைச் சொல்லச் சொல்லேல்லையே."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

வேலை வாங்கிக் கொடுப்பதற்கு அத்தனை மாதமாக ஒன்றுசேராத கமிட்டி, அன்றைக்கு எவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்தது தெரியுமா? கோயில் புகார் கொடுத்தது. கிராம சேவகர் சாட்சி சொன்னார். இவரை ஏற்றிப் போகத் தோட்ட ஆபீஸ் வேன் கொடுத்தது. மேடையில் எடுத்த வீடியோ பொலிஸ் பெரியவரின் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டு முயற்சி என்றால் இதுதான்!

மறுநாள் முத்துலிங்கம் வாசலில் வந்து நின்றார். "கோர்ட்டுக்குப் போகாம பாத்துக்கலாம், பேசியிருக்கேன். எடுத்தத வச்சிரச் சொல்லு."

"எடுக்காதத எப்புடிங்க வைக்கிறது?"

"அத மைக்கப் புடிக்கிறதுக்கு முன்னுக்கு யோசிச்சிருக்கணும். நாளைக்குக் கோர்ட்டுல ஏத்திட்டாங்கன்னா நான் ஒன்னும் செய்ய ஏலாது."

அவர் போன பிறகு மண்ணை வாரித் தூற்றினேன். மிஸ்ஸை, கமிட்டியை, என் புருஷனை, ஒருவரையும் விடவில்லை. தொண்டை கட்டும்வரை திட்டிவிட்டு முகம் கழுவினேன். மஞ்சள் துண்டு ஒன்றைக் கயிற்றில் முடிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு, என் தாலியைக் கழற்றினேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்றினேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கோயிலில் பூசாரி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அம்மனுடையது வட்டப் பொட்டு. என்னுடையது இலை மாதிரி இருக்கும், பின்னால் எங்கள் இரண்டு பேரின் முதல் எழுத்தும் போட்டிருக்கும். பூசாரி முத்துலிங்கத்தைப் பார்த்தார். முத்துலிங்கம் என் கழுத்தைப் பார்த்தார், சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டார்.

"கட்டுங்க பூசாரி. சாமிக்கு எல்லாம் ஒன்னுதான்" என்றார்.

அன்று சாயங்காலமே இவரை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் என் கழுத்தைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் கூட்டம். களவு போன சாமி நகை எல்லாருடைய ஒத்துழைப்பாலும் திரும்பக் கிடைத்துவிட்டது என்று மிஸ் மைக்கில் சொன்னார். சொல்லும்போது நான் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. இவரைப் பேசக் கூப்பிட்டார்கள். பொலிஸ் பெரியவர் முன்வரிசையில்தான் இருந்தார். நான் எடுக்கவில்லை என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேன் வெளியே நின்றது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார்.

மண்டபமே கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். நானும் தட்டினேன்.