தள்ளுபடியான மதிப்பெண்

வாஃபிள் வரிசையில் நின்றிருந்தேன். ராக்னா பின்னால் வந்து என் கம்பளித் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டாள். பனிச்சறுக்குத் தாவலில் ஆறு முறை நார்வே சாம்பியன், முப்பத்து நாலு வயது, இன்றைக்கு எங்கள் ஊர்க் குன்றில் கடைசித் தாவல். குறும்பு மட்டும் குறையவில்லை.

"மேல நடுவரா உக்காரப் போறது நீங்களா, ஓட்வார்? அப்ப நான் இப்பவே தோத்தாச்சு."

வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏழு முறை சாம்பியனாகியிருக்க வேண்டும். அந்த ஒன்றைக் கெடுத்தவன் நான். பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருக்கிறேன், பெரிய யோக்கியன் மாதிரி.

தாவி இறங்கும் அழகுக்கு நடுவர்கள் ஐந்து பேர் இருபதுக்கு மதிப்பெண் போடுவோம். மிக அதிகத்தையும் மிகக் குறைவையும் தள்ளிவிட்டு நடுவில் இருக்கும் மூன்றைக் கூட்டுவார்கள். பதினோரு வருடத்துக்கு முன் அந்தப் போட்டியில் ராக்னா ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, கைகளை விரித்து, பஞ்சு போல இறங்கினாள். பதினெட்டு போட்டிருக்க வேண்டும். சொந்த ஊர்ப் பெண்ணுக்கு அள்ளிக் கொடுத்தான் என்று பேச்சு வருமே என்று பயந்து பதினேழு போட்டேன். குறைவு என்று என்னுடையது தள்ளுபடியானது. ஆனால் நான் ஒழுங்காகப் போட்டிருந்தால் தள்ளுபடியாகியிருக்க வேண்டிய இன்னொருவரின் பதினேழரை கணக்கில் ஏறிக்கொண்டது. அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் அவள் தோற்றாள்.

இன்று விட்டால் இனி எப்போது சொல்வது? அவளைச் சறுக்குப் பலகைகள் சாய்த்து வைத்திருந்த பக்கம் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பலகையின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியும். அன்னிக்கு பஸ்ல வரும்போதே கூட்டிப் பாத்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேக்கலையே, ராக்னா."

"கேட்டிருந்தா நடுவர் வேலையே வேணாம்னு போயிருப்பீங்க. மத்தவங்க எவ்வளவு தூரம்னு பாப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் என் காலைப் பாப்பீங்க. ஒரு மாசம் உங்க கடைக்கு வராம இருந்தேன், அதோட கோபம் போச்சு." துணியை என் கையில் திணித்தாள். "ஆனா இன்னிக்குப் பாவம் பாத்து மார்க் போட்டீங்கன்னா அப்புறம் பேசவே மாட்டேன்."

நெஞ்சு லேசாகிப்போனது. அந்தச் சந்தோஷத்தோடு நடுவர் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

பயிற்சியாளர் கொடியை இறக்கினார். ராக்னா உச்சியில் உட்கார்ந்திருந்த கம்பியிலிருந்து நழுவினாள், ஓடுதளத்தின் முனையில் எழும்பினாள், பறந்தாள். அவ்வளவு நேரம் அவள் காற்றில் கிடந்து நான் பார்த்ததில்லை. தொண்ணூற்றேழு மீட்டர்! ஆனால் இறங்கும்போது இரண்டு கால்களும் ஒட்டிக்கொண்டன, ஒரு கை காற்றைத் துழாவியது. விழாமல் நின்றதே பெரிய காரியம்.

பக்கத்தில் இருந்த நடுவர் பிர்கர் யோசிக்காமல் இருபது போட்டான். "கடைசித் தாவல்யா. மனசு இருந்தா போடு."

மனசு இருந்தது. அதுதான் கஷ்டம். இருபது போட என் விரல் போய்விட்டுத் திரும்பியது. கண்ணை மூடித் திறந்து பதினாறை அழுத்தினேன்.

மதிப்பெண் பலகையில் நான்கு இருபதும் ஒரு பதினாறும் எரிந்தன. ஊரே ஊளையிட்டது. வாஃபிள் கடையில் நின்ற என் மனைவி தூரிட் கரண்டியை ஓங்கினாள். "வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்!"

கீழே ராக்னா கண்ணாடியைக் கழற்றி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கோபுரத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள்.

"ஓட்வார்! அது பதினஞ்சரைதான்!"

கத்திவிட்டு, சறுக்குப் பலகைகளைக்கூடக் கழற்றாமல், பனியில் மல்லாந்து விழுந்து சிரித்தாள்.