கொதிகலன் பற்றி ஒரு வாக்கியம்

என் கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பட்ஜெட். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. அந்த வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அரசாங்கம் பணத்தை எங்கே கொட்டுகிறது, அதை யார் அள்ளுகிறார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டே வருவார். ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் இறங்கிப் போக முடியாது. வீட்டில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான்.

குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர் பேசுவதில் முக்கால்வாசி சரி. எனக்குச் சங்கடமே அதுதான். உளறுகிற மனிதராக இருந்தால் காதில் வாங்காமல் இருந்துவிடலாம்.

"இவனுங்க காசைக் கண்ணுக்குத் தெரியற இடத்துலதான் போடுவானுங்க. பாலம் கட்டுவான், சிலை வைப்பான், வாசல்ல வளைவு போடுவான். குழாய் மண்ணுக்குள்ள கிடக்கு பாரு, அதுக்கு ஒரு பைசா ஒதுக்க மாட்டான்" என்பார். துணி மடித்துக்கொண்டே கேட்பேன். கேலியும் செய்வேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது, யாரிடமும் காட்டியதில்லை. இப்படிப் பேசுகிற மனிதர் என்றைக்காவது பேச வேண்டிய இடத்தில் பேசுவார் என்று நினைத்திருந்தேன். எந்த ஆதாரமும் இல்லாமல், கல்யாணமான நாளிலிருந்து அப்படி நினைத்திருந்தேன்.

நான் அரசு மருத்துவமனையில் துணி அறையைப் பார்த்துக்கொள்கிறவள். ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம். துணி அறைக்குப் பின்னால் சலவைக்கூடம். அங்கே இருக்கும் கொதிகலன் பழுதாகி வெகுநாள் ஆகிறது. ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைப் பச்சைத் தண்ணீரில்தான் அலசுகிறார்கள். பார்த்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். என் மூக்குக்குத் தெரியும். ஆபரேஷன் வார்டில் தையல் போட்ட புண்கள் ஆறாமல் சீழ் வைத்தன. டாக்டர்கள் மருந்தை மாற்றி மாற்றி எழுதினார்கள்.

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு இவரும் அந்த வார்டில்தான் கிடந்தார். நான்கு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அடிவயிற்றுத் தையலைச் சுற்றிச் சிவந்து, பிறகு நீர் கோத்து, பிறகு வாடை வந்தது. போவது தள்ளிக்கொண்டே போனது.

அப்போதுதான் புதுக் கட்டடத்தைத் திறக்க அமைச்சர் வருகிறார் என்றார்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. கொதிகலனுக்கென்று வந்த பணமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் போயிருக்கிறது என்பது அலுவலகத்தில் டீ குடிக்கிற எல்லோருக்கும் தெரியும். கட்டில் வந்துவிட்டது, மெத்தை வந்துவிட்டது. விரிப்பு வாங்க மறந்துவிட்டார்கள்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "பழைய வார்டுகள்ல நல்ல விரிப்பா பாத்து உருவிக்கோம்மா. ஒரு நாளைக்குத்தானே."

நோயாளிகளை ஒருக்களிக்கச் சொல்லி அடியிலிருந்து விரிப்பை உருவினோம். அலசிக் காயவைத்துப் புதுக் கட்டில்களில் விரித்தது நான். வார்டு முத்திரை உள்பக்கம் போக வேண்டும், ஒட்டுத்தையல் கால்மாட்டுக்குப் போக வேண்டும், போகாத கறை தலையணைக்கு அடியில். கைவந்த வேலை. விரித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் கூடம் முழுக்கப் புத்தம் புதிதாக இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெறும் கட்டிலைத் திறந்துவைக்க முடியுமா? ஆள் வேண்டும். தலைமை நர்ஸ் என்னிடம் வந்தாள்.

"அக்கா, கேட்டா பதில் சொல்ற மாதிரி நாலஞ்சு பேஷன்ட் வேணுமாம். வாய் இருக்கணும், வாயாடியா இருக்கக்கூடாது."

"அப்ப எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க சிஸ்டர்."

"அவரைத்தான்க்கா முதல்ல எழுதியிருக்கு. சவரம் பண்ணி விட்டா ரிட்டையர்டு ஜட்ஜ் மாதிரி இருப்பாரு."

சிரித்தேன். அவள் போனதும் இதுதான் அவர் பேச வேண்டிய அந்த இடம் என்று தோன்றியது. அவரிடம் போனேன்.

"என்னங்க, அமைச்சர் உங்க கட்டில்கிட்ட வருவாராம். கொதிகலனைச் சொல்லிடுங்க."

"உன் வேலை?"

"போனா போகட்டும். வார்டுல இருக்கறவங்க புண்ணாவது ஆறும். கேமரா எல்லாம் இருக்கும்போது சொன்னா செஞ்சுதான் ஆகணும்."

என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு களை வந்தது. நீளமாகச் சொன்னால் நகர்ந்துவிடுவார்கள், ஒரே வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வாக்கியத்தைச் செய்தோம். அவர் மாநிலத்தின் கடனில் ஆரம்பித்தார், நான் வெட்டினேன். முந்தைய ஆட்சியைக் கொண்டுவந்தார், அதையும் வெட்டினேன். கடைசியில் இப்படி நின்றது: "ஐயா, கண்ணாடிக்குப் போட்ட காசைக் கொதிகலனுக்குப் போட்டிருந்தா என் புண்ணு எப்பவோ ஆறியிருக்கும்."

சொல்லிப் பார்த்தார். திரும்பச் சொல்லிப் பார்த்தார். எங்களுக்குள் அப்படி ஒரு மத்தியானம் வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவருடைய பேச்சுக்குள் முதல்முறையாக நானும் இருந்தேன்.

மறுநாள் மாற்று விரிப்புகளை ஏந்திக்கொண்டு புதுக் கட்டடத்தின் கதவோரம் நின்றேன். இவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்திருந்தார். நர்ஸ் சொன்னது உண்மைதான், ஜட்ஜ் மாதிரி இருந்தார். அமைச்சர் வந்தார், சுற்றிலும் கேமரா. இவருடைய கட்டிலருகே நின்று தோளில் கை வைத்தார்.

"எப்படி இருக்கீங்க பெரியவரே? நல்லா கவனிச்சுக்கறாங்களா?"

கேமராக்காரன் ஒருவன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். அந்த வெளிச்சத்தில் இவர் எழுந்து உட்காரப் பார்த்தார். தையல் இழுத்து முகம் சுளித்தது. இரண்டு கைகளையும் கூப்பினார்.

"ரொம்ப நல்லா கவனிக்கிறாங்கய்யா."

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மெல்லிய, வழவழப்பான ஒரு குரல். அமைச்சர் தலையாட்டிவிட்டு நகரப் போனார். அப்போது இவர், "தனியார்லகூட இப்படிக் கிடையாதுங்கய்யா" என்றார்.

முதல் வாக்கியத்தை மன்னித்துவிடலாம். பயத்தில் வந்தது. எனக்கும் வந்திருக்கும். இரண்டாவதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அமைச்சர் திரும்பி, சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று எல்லாச் செய்திகளிலும் அந்தக் கைகுலுக்கல்தான் ஓடியது.

கார்கள் போனதும் நோயாளிகளைப் பழைய வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வேலைக்கு ஆள் போடும்வரை என்று புதுக் கட்டடத்தைப் பூட்டினார்கள். விரிப்புகள் உள்ளே மாட்டிக்கொண்டன. எங்கள் துணி அறையில் ஒரு விதி உண்டு: ஒரு அழுக்கு விரிப்பைக் கொடுத்தால்தான் ஒரு வெளுத்த விரிப்பு கிடைக்கும். திருடு போகக்கூடாது என்று யாரோ எப்போதோ வைத்தது. நர்ஸ் வெறுங்கையோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"குடுக்க அழுக்கு இல்லக்கா. எல்லாம் உள்ள இருக்கு."

"அழுக்கு இல்லாம நான் குடுத்தா என் கணக்குல விழும் சிஸ்டர்."

"அழுக்காக்கறதுக்கே ஒண்ணு வேணுமேக்கா."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கந்தலாகக் கழித்துப் போட்டிருந்ததில் தேறியவற்றைக் கொடுத்தனுப்பினேன். போதவில்லை. பலர் ரெக்சின் மெத்தைமேல் வெறுமனே கிடந்தார்கள். இவரும்தான். முதுகு வேர்த்து மெத்தையோடு ஒட்டியது.

மாலையில் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இதைத்தான் சொல்றேன். கட்டடம் கட்டத் தெரியும், நடத்தத் தெரியாது." பழைய குரல் அப்படியே திரும்பியிருந்தது, கணீரென்று. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. நிறுத்தியிருந்தால் போதும், நான் வேறெதுவும் கேட்டிருக்க மாட்டேன்.

கட்டை வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி இவரை அனுப்பிய பிறகு, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பார்க்க வந்தார். இவருடைய பழைய சிநேகிதர். பட்ஜெட் என்ற பெயரை வைத்தவரே அவர்தான்.

"என்னய்யா, அமைச்சர் கையைக் குடுத்தாராமே. கையைக் கழுவினியா, இல்ல அப்படியே வெச்சிருக்கியா?"

"நீ வேற. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. இவளை நினைச்சேன். ஒப்பந்த வேலை. நாம ஒண்ணு பேசி, இவ பொழப்புல மண்ணு விழணுமான்னு வாயை மூடிக்கிட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது, என்மேல் அல்ல. "குடுத்து வெச்சவம்மா நீ. வாய்க்குப் பொறந்த மனுஷன், உனக்காக அடங்கிட்டான் பாரு."

டீயை வைத்தேன். "நான் சொல்லுங்கன்னுதான் சொன்னேன் அண்ணே. வேலை போனா போகட்டும்னு சொன்னேன்."

கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். "நீ அப்படித்தானம்மா சொல்லுவ. பொண்டாட்டின்னா சொல்றதுதான். புருஷன்னா யோசிக்கணுமில்ல?"

அவ்வளவுதான். நான் சொன்னது காற்றோடு போயிற்று. இவர் சொன்னது நல்ல கதையாக இருந்தது. உட்கார்ந்து கேட்க, பிறகு நாலு பேரிடம் சொல்ல. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே சொன்னார். இரண்டாவது வாக்கியம் எந்தத் தடவையும் அதில் வரவில்லை. இனி எங்கள் தெருவைப் பொறுத்தவரை, மருத்துவமனைக்குக் கொதிகலன் வராமல் போனதற்குக் காரணம் நான்.

அன்று கண்ணாடிக்கடைக்காரர் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். இவர் மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அவன் முன்னாடி ஏன் அப்படிச் சொன்ன?"

"நடந்ததுதானே?"

"நடந்ததுன்னா எல்லாத்தையும் எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிடறதா? இடம் பொருள் வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு அது கோபத்தைக் கொடுத்தது. முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்தார்.

"ஏன், நீயும் அங்கதானே நின்ன? நீ சொல்லியிருக்கலாமே. உனக்கு வாய் இல்லையா?"

சண்டைக்காகச் சொன்னது. அவர் அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். நான் கையில் டீ டம்ளர்களோடு நின்றேன். விரிப்பை ஏந்திக்கொண்டு கதவோரம் நிற்கிறவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்று பதில் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அமைச்சர் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் வெளியே போனார். கதவை அகலத் திறந்துவிட்டவள் நான். வேலை போனால் போகட்டும் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! வேறொருவர் வாயால் போவதென்றால் போகட்டும். இத்தனை வருஷமாக அவர் என்றைக்காவது பேசுவார் என்று நான் காத்திருந்தது, நான் பேச வேண்டியிருக்காது என்பதற்காகவா?

அவருக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. பழைய கட்டைப் பிரித்தேன். இன்னும் வாடை இருந்தது, முன்பு போல இல்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு டிவியைப் போட்டார். யாரோ நிதி ஒதுக்கீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "பாத்தியா, மறுபடியும் கண்துடைப்பு" என்றார்.

சமையலறையில் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அவருடைய துணிகளைப் போட்டேன். தளதளவென்று கொதித்தது. கரண்டிக் காம்பால் அழுத்தி அழுத்திப் புரட்டினேன். இவருக்கு ஆறிவிடும். இன்னும் சில நாளில் வண்டிக்குப் போவார், டாக்டர் கொடுத்த மருந்து நல்ல மருந்து என்று சொல்வார். வார்டில் இருப்பவர்களுக்கு நாளைக்கும் பச்சைத் தண்ணீரில் அலசிய விரிப்புதான். அதை மடித்து, முத்திரை உள்பக்கம் போகும்படி அடுக்கிக் கொடுக்க நான் போக வேண்டும். இந்த வருஷத்துக்குப் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.