விபிடியஸ் எந்தக் காலில் நொண்டினார்?

செத்தவரைப் போல நடப்பதுதான் என் பிழைப்பு. எங்கள் ரோமில் பெரிய பதவி வகித்தவர் போய்விட்டால், அவர் முகத்தை வார்த்த மெழுகு முகமூடியை மாட்டிக்கொண்டு, அவர் நடையும் பேச்சுமாகப் பாடைக்கு முன்னால் ஒரு கூத்தாடி போவான். நாலு பேர் சிரிக்க நக்கலும் அடிப்பான். அது நான்தான்.

பிணமான பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். விபிடியஸ் உயிரோடு இருக்கும்போதே ஆளனுப்பினார். கான்சலாக இருந்து ஊரையே ஆண்ட மனுஷன். அப்போதெல்லாம் விடிந்ததும் அவருக்கு வணக்கம் சொல்ல வருகிற கூட்டம் தெருமுனை வரை நிற்கும். பிறகு ஒருநாள் செனட் சபை வாக்கெடுப்பில் எல்லாரும் போர் வேண்டுமென்று ஒரு பக்கம் போய் நிற்க, இவர் ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தார். அடுத்த மாதம் வாசலில் ஈ காக்கை இல்லை. பெற்ற மகனே எட்டிப் பார்க்கவில்லை.

"அந்த இருபதடிதாம்ப்பா நான் உருப்படியா நடந்தது. அதை நேரா நடந்து காட்டு. மத்ததெல்லாம் இப்போ இருக்கிற கிழட்டு நடை. தினம் காலைல வந்து கத்துக்கோ" என்றார்.

போனேன். வெள்ளை அங்கி போர்த்தி, கூட்டம் வருகிற மாதிரி கூடத்தில் உட்கார்ந்திருப்பார். வலது காலை நொண்டி நடந்து காட்டினார். நாலே நாளில் பிடித்துவிட்டேன். ஐந்தாம் நாள் இடது காலை நொண்டினார். கேட்டால், வயதாகிவிட்டது, வலி இடம் மாறுகிறது, நாளைக்கு வா என்பார். மறுநாள் திரும்பவும் வலது. நடை சொல்லிக்கொடுப்பது கொஞ்சம், ஊர்க்கதை கேட்பதுதான் அதிகம். தேர்ப்பந்தயத்தில் யார் ஜெயித்தது, என் பெண்டாட்டி என்ன சமைத்தாள், எல்லாம் வேண்டும் அவருக்கு. ரொட்டியைத் திராட்சை மதுவில் நனைத்துத் தந்து இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்.

இரண்டு மாதம் பொறுத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"ஐயா, முதல்ல எந்தக் கால்னு முடிவு பண்ணுங்க. அப்புறம் ஆளனுப்புங்க."

தன் பாதங்களையே பார்த்தார். "சரிப்பா. முடிவு பண்ணிட்டுச் சொல்றேன்."

ஆள் வரவில்லை. நானும் போகவில்லை. இருபதாம் நாள் அவர் செத்துப்போன சேதிதான் வந்தது.

ஊர்வலத்துக்கு முன் முற்றத்தில் நொண்டிப் பழகிக்கொண்டிருந்தேன். வாசல் காக்கிற அடிமை ஹிலாரஸ் என்னை முறைத்தான்.

"என்னடா இது?"

"உங்க எஜமான் நடைதான்."

"அவரு எங்கடா நொண்டினாரு? நீ வந்தாத்தான் நொண்டுவாரு. நீ தெருமுனை திரும்பினதும் விறுவிறுன்னு உள்ள போயிடுவாரு. நீ வராத நாள்லயும் வெள்ளை போத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'எந்தக் கால்னு சொல்லிட்டா அப்புறம் அவன் எதுக்குடா வருவான்'னாரு."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பாவி, நான் சும்மாவாவது ஒருநாள் போயிருக்கலாம்.

செனட் மண்டபத்துக்கு முன்னால் இருபதடி நேராக நடந்தேன், அவர் கேட்டபடி. அதற்குப் பிறகு ஒரு தெரு வலது கால், ஒரு தெரு இடது கால் என்று ஊர்வாசல் வரை நொண்டினேன். ஜனங்கள் சிரித்தார்கள். மகன் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தார்.

"எங்கப்பா எப்போடா நொண்டினாரு?"

"உங்களுக்குத் தெரியாதுங்கய்யா" என்றேன். "யாராவது பாக்க வந்தா இப்படித்தான் நடப்பாரு."