கேட்டவருக்கு மட்டும்

இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் சிறு நிறுவனம் தம்பியுடையது. வாடிக்கையாளரின் அழைப்புகளை ஏற்பவர் அக்கா. அவரவரே தளத்தைக் கட்டிக்கொள்ள உதவும் மென்பொருளைத் தம்பி ஆசையோடு வாடிக்கையாளர் தொள்ளாயிரம் பேருக்கும் இலவசமாகச் சேர்த்துவிட்டார். அதைச் செய்தவர்களுக்குத் தம்பி மாதாமாதம் கட்ட வேண்டிய உரிமக் கட்டணமோ, வாடிக்கையாளர் அதைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், ஆளுக்கு ஒன்றாக வந்து நின்றது. இப்படியே போனால் மூன்றே மாதத்தில் கடையை மூட வேண்டியதுதான்.

"அக்கா, எத்தனை பேர் தொறந்திருக்காங்க?"

"நாப்பது பேருடா. பசிக்குதான்னு கேக்காமலே பந்தி போட்டுட்டியே!"

"எடுத்துட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"இருந்ததே தெரியாதவங்க, போனதுக்கா அழுவாங்க?"

தம்பிக்குச் சுருக்கென்றது. தாம் கொடுத்ததைப் பெரும்பாலோர் தேடவே இல்லை என்பது கட்டணத்தைவிடக் கனத்தது. ஆயினும் அந்த நாற்பது பேருக்கு மட்டும் விட்டுவைத்து, மற்றவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, அவர்கள் பக்கங்களில் 'வேண்டுமா?' என்றொரு பொத்தானை வைத்தார்.

மாலைக்குள் ஒருவர் அதை அழுத்தினார். தம்பி அக்காவை அழைத்துக் காட்டினார்.