வால் இல்லாத நாய்

சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: “அதைப் பிரிச்சுடு.”

அது ஹெஸ்டரின் மடியில் இருந்தது. அந்தப் பெட்டியில் போன தங்கை அராபெல்லா தன் கணவர் சர் ரோலண்டுக்காகக் கம்பளி நூலில் நாய்ப் படம் தைத்துவந்த வீட்டுச் செருப்பு. ஒன்று முடிந்திருந்தது. மற்றதில் நாய்க்கு வால் பாக்கி. நாய் என்று அவள் சொன்னதால் நாய். பார்த்தவர்கள் ஆடு என்றார்கள்.

ஆண்கள் கல்லறைக்குப் போயிருந்தார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் அங்கே போவதில்லை, மென்மையான மனசு தாங்காதாம். பதினொரு நாள் காய்ச்சல்காரியின் வாந்தியை அள்ளியதை மட்டும் அது எப்படியோ தாங்கிக்கொண்டது.

“ஏரிப் படம் வரைஞ்ச கைன்னு மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கார். திரும்பி வந்து இந்தக் கோணலைப் பார்த்தா?” என்றாள் அம்மா.

ஏரிப் படத்தை வரைந்தவள் ஹெஸ்டர். பெண் பார்க்க வந்தபோது காட்டிய கைக்குட்டைகளும் அவள் வேலைதான். பியானோவை மட்டும் ஆள் மாற்றி வாசிக்க வழியில்லாததால் அன்றைக்கு அராபெல்லாவின் விரலுக்குக் கட்டுப் போட்டார்கள். தங்கையின் முகம், அக்காவின் கை. இரண்டையும் சேர்த்து அம்மா ஒரு முழுப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தாள். மிச்சம் விழுந்த துண்டு நான் என்று ஹெஸ்டரே சொல்லிச் சிரிப்பாள்.

இந்தச் செருப்பை மட்டும் அராபெல்லா யாரிடமும் தரவில்லை. காய்ச்சலிலும், “நீ தொட்டே, கடிச்சுடுவேன்” என்றாள்.

ஹெஸ்டர் கத்தரிக்கோலை நாயின் காதருகே கொண்டுபோனாள். பிறகு கீழே வைத்தாள்.

“அம்மா, அவ கையால செஞ்சது இது ஒண்ணுதான்.”

அம்மா திரை போட்டிருந்த ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கணப்பில் கரி சரிந்தது.

“அதுக்காக வால் இல்லாமயா குடுப்பே?” என்றாள்.

ஹெஸ்டர் ஊசியில் பழுப்பு நூல் கோத்தாள். நாலு தையலிலேயே வால் அழகாக வளைந்தது. பிரித்தாள். மறுபடியும் அழகாகவே வந்தது. அதையும் பிரித்துவிட்டு ஊசியை இடது கைக்கு மாற்றினாள். இடது கை தொட்டால் தொட்டதாகாது, தங்கை கடிக்க மாட்டாள்.

வாசல் சரளையில் வண்டிச் சக்கரங்கள் நறநறத்தன. இன்னும் ஆறேழு தையல் பாக்கி.

“கோணலா போகுது” என்றாள் அம்மா.

“ஆமாம்மா.”

அம்மா எழுந்துவந்து மெழுகுவர்த்தியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.